மார்வாட்டுக்கு மழை கொண்டுபோன தம்பிக்கு

மேலக்கரைப்பட்டி,
சாத்தூர் தாலுகா.
1961, மாசி மாதம்.

தம்பி கண்ணுச்சாமிக்கு அக்கா முத்துப்பேச்சியின் ஆசீர்வாதம். ஆசீர்வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிற கோபத்தில் மறந்தாலும் மறந்துவிடுவேன்.

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஜோத்பூரில் இறங்கி, ஒட்டக வண்டியில் ஒரு பகல் போய், மணல் நடுவே கொட்டகை போட்டிருக்கிறாய். கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு மரம் கிடையாது, விடிகாலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறது. எல்லாம் படித்தேன். பணம் போடுகிற சேட்டு நீ கேட்டதையெல்லாம் வாங்கித் தருகிறார், ஆடி மாதம் அந்தப் பக்கம் மேகம் வரும், பெய்யாமலே கடந்து போகும், உன் ராக்கெட் மேலே போய் அதை உடைத்துப் பெய்ய வைக்கும், மழையே பாராத சனம் உன் பெயரைச் சொல்லி விளக்கேற்றும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதற்கு ஒரு வரி.

ஏன் தம்பி, மழை கேட்டு அழுகிற ஊர் உனக்கு மார்வாடுதான் கிடைத்ததா? நம் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பருத்தி முழங்காலுக்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டது. நான் உன் கடிதத்தை வாசிக்க வாசிக்க உன் மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், ‘ஒன் தம்பி அங்கன பெய்ய வச்சது போக மிச்சம் மீதி இருந்தா, இங்கனயும் ரெண்டு தூத்தல் அனுப்பச் சொல்லு’ என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நீ ஏன் இங்கேயே செய்து பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவன் முதலாளியிடம் போய் மழை ராக்கெட் செய்வோம் என்று கேட்டாய். அவர், ‘ஏலே, நம்ம பொளப்பே வெயில்லதாம்லே ஓடுது. நீ மழைய வரவளைச்சா, வெடியையெல்லாம் ஒன் வீட்டு அடுப்புலயா காயப்போட?’ என்றாராம். கம்பெனி முழுக்கச் சிரித்ததாம். நீ இதைச் சொன்ன அன்று எனக்கும் அழுகை வந்தது. ஆனால் ஒரு சிரிப்புக்குப் பதில் சொல்வதற்காக ஒருத்தன் நாலு குடும்பத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு தேசத்தின் அந்தக் கோடிக்குப் போவானா?

அந்த நாலு பேரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வெடிமருந்து கலக்கத் தங்கச்சாமியையும், அவனுக்குக் கையாளாக இருளாண்டியையும், இன்னும் இரண்டு பேரையும் கீழத்தெருவிலிருந்து கூட்டிப்போனாய். அவர்கள் வீட்டுப் பெண்கள் தயங்கியபோது அங்கே போய் நின்று, என் தம்பி பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவான் என்று வாக்குக் கொடுத்தவள் நான். இப்போது தங்கச்சாமியின் மனைவி வள்ளித்தாய், தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வரும்போதெல்லாம் நம் வாசலில் வந்து நிற்கிறாள். ‘தாயீ, ஒங்க தம்பிய நம்பி நான் அனுப்பல, ஒங்க வார்த்தைய நம்பித்தான் அனுப்புனேன். அவுகள முளுசா எங்கிட்ட ஒப்படைச்சிருங்க’ என்கிறாள். குரலை உயர்த்தாமல் சொல்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் கடிதத்தில் அவர்களுக்குப் படித்துக்காட்ட என்ன இருக்கிறது? ‘இந்தப் பாலைவனத்தில் மனம்விட்டுப் பேச எனக்கு ஒரு நண்பன்கூட இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டிப் படித்தேன். வள்ளித்தாய் முன்னால் அதை எப்படிப் படிப்பேன்? உன்னோடு ஒரே கொட்டகையில் படுத்து, ஒரே சட்டியில் தின்கிற நாலு பேர் உனக்கு யார்? கூலிக்கு வந்தவன் நண்பனாக மாட்டானா?

இன்னொன்று. குளிரில் கம்பளியை உதறினால் நீலப் பொறி பறக்கிறது, வெகு அழகு என்று எழுதியிருக்கிறாய். மருந்துக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருப்பவன் ரசிக்கிற அழகா அது? இங்கே காற்றில் ஈரம் இருக்கிற காலை நேரத்திலேயே, மருந்து அறைக்குள் போகிறவன் வெள்ளி அரைஞாணைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறான். அங்கே போர்த்துகிற துணியே பொறி விடுகிறது. உனக்குப் பயம் வரவில்லை, கவிதை வருகிறது.

பங்குனிப் பொங்கலுக்கு நாலு பேரையும் அனுப்பிவை. நீயும் வந்து சேர். இருக்கன்குடி ஆத்தாளிடம் உனக்காகக் கேட்டிருக்கிறேன். என்ன கேட்டேன் என்று சொன்னால் நீ கோபப்படுவாய்.

உன் அக்கா
முத்துப்பேச்சி


மேலக்கரைப்பட்டி.
பங்குனி மாதம்.

தம்பிக்கு ஆசீர்வாதம்.

நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். கறுத்து, உதடு வெடித்து, அடையாளம் தெரியாமல் வந்தார்கள். வள்ளித்தாய் தெருவில் வைத்தே தங்கச்சாமியின் இரண்டு கைகளையும் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவன் வெட்கப்பட்டு உருவப் பார்த்தான். அவள் விடவில்லை. இதை நீ பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நீதான் வரவில்லையே. வேலை பாதியில் நிற்கிறதாம், பொங்கல் முடிந்த மறுநாளே ஆட்களை ரயிலேற்றி அனுப்ப வேண்டுமாம். எனக்கு உத்தரவு போட்டு எழுதியிருக்கிறாய்.

நண்பன் கிடைத்துவிட்டான் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மணலில் விழுந்து கிடந்த ஒருவரை ஒட்டகக்காரர்கள் தூக்கிவந்து உன் கொட்டகையில் போட்டார்கள். பூனாவில் காலேஜ் வாத்தியாராக இருந்தவர். அவரும் மேகத்தை உடைக்கப் புறப்பட்டவர்தான். பலூனில் மருந்தைக் கட்டி மேலே விடுவாராம். ஒரு நாள் தரையிலேயே வெடித்ததில், கூட நின்ற சொந்தத் தம்பி போய்விட்டான். இவருக்கு முகத்தில் ஒரு பக்கமும் ஒரு கையும் வெந்துபோயின. அதன் பிறகு வீடு வாசல் இல்லாமல் அலைகிறார். இந்த வேலையில் யாராவது இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டால், அங்கே போய் நிறுத்தச் சொல்வது ஒன்றுதான் அவருக்கு இப்போது வேலை. சேட்டின் ஆட்கள் உன்னைப் பற்றிப் பேசியதைக் கேட்டுத்தான் அந்த மணலில் நடந்து வந்து விழுந்திருக்கிறார்.

இவ்வளவையும் எழுதிவிட்டு அடுத்த வரியில் என்ன எழுதுகிறாய்? ‘எப்பேர்ப்பட்ட அறிவு அக்கா! வெந்த முகத்திலும் என்ன கம்பீரம்! அவர் பேசுவதை நாளெல்லாம் கேட்கலாம்!’

எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் உலை இருப்பதே மறந்துபோயிற்று. சோறு அடிப்பிடித்தது. உன் மச்சான் அன்றைக்குத் தீய்ந்த சோறுதான் தின்றார். தம்பி, அவர் உன்னிடம் வந்தது வேண்டாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல. நீயோ அவர் அதை எவ்வளவு அழகாகச் சொன்னார் என்று எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாய். கதை கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறாய். தன் தம்பியைத் தன் கையாலேயே தொலைத்த மனிதர் உன் கட்டிலில் படுத்து அழுகிறார், நீ பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இங்கிலீஷை மெச்சுகிறாய்.

நான் சொன்னால் பட்டிக்காட்டுப் பயம் என்பாய். ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு அவ்வளவுதான் தெரியும் என்பாய், சரி. அவர் உன்னைவிடப் படித்தவர். உன் தொழிலை உனக்கு முன்னால் செய்தவர். வெந்த கையை உன் முன்னால் நீட்டிச் சொல்கிறார். இன்னும் யார் வந்து சொல்ல வேண்டும் உனக்கு?

தங்கச்சாமியிடம் கேட்டேன். முதலில் அவன் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. ‘ராக்கெட்டு நல்லாத்தான் வரும் தாயீ. ஒங்க தம்பி சொன்ன உசரத்துக்குப் போகும். அது வேற’ என்றான். அப்புறம், ‘அந்த மனுசன் கையப் பாத்த பொறவு எனக்கு மருந்துல கை வைக்க நடுங்குது. நடுங்குற கை மருந்துக்கு ஆகாது’ என்றான். உன்னிடமும் சொன்னானாம். பொங்கலுக்குப் போய் வந்தால் சரியாகிவிடும் என்றாயாம்.

ஊர்ச் சேதி: செவ்வாய்க்கிழமை பொங்கல் சாட்டி அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். முதல் பானை வைக்கிற வீடு என்பதால் எனக்கும் உன் மச்சானுக்கும் கையில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறது. இனிக் காப்பு அவிழும்வரை ஊரில் இருக்கிற ஒரு ஆளும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. மற்ற நாளில் எதற்கெடுத்தாலும் மேலத்தெரு கீழத்தெரு என்று பேதம் பார்க்கிற ஊர், இந்தக் கட்டு ஒன்றில் மட்டும் பேதம் பார்ப்பதில்லை. வழக்கம்போல அடுத்த செவ்வாய் பொங்கல், புதன்கிழமை காப்பு அவிழ்ப்பு. அதைக் கணக்குப் பண்ணித்தான் நீ டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறாய் போல.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அந்த வாத்தியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடு. அவர் சொல்வதைக் கேள். கேட்பதென்றால் காதால் மட்டும் இல்லை.

உன் அக்கா
முத்துப்பேச்சி


மேலக்கரைப்பட்டி.
சித்திரை மாதம்.

தம்பி கண்ணுச்சாமிக்கு.

உன் கடிதம் கிடைத்தது. துரோகம் என்று எழுதியிருக்கிறாய். கூடப் பிறந்தவளே முதுகில் குத்தினாள் என்று எழுதியிருக்கிறாய். ஆட்கள் ஏன் வரவில்லை என்று கேட்டு நீ எழுதியதற்கு, பொங்கல் நின்றுபோயிற்று, காப்பு அவிழவில்லை என்று தங்கச்சாமி யாரையோ பிடித்து ஒரு கார்டு எழுதிப் போட்டானாம். அதில் உனக்கு என் கைவரிசை தெரிந்துவிட்டதாம். புத்திசாலி. சின்ன வயதிலிருந்து என்னை அறிந்தவன் அல்லவா?

ஆமாம், நான்தான் செய்தேன். எப்படி என்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். கிணற்றடியில் பங்காளி கருப்பணன் மனைவி கருப்பம்மாளைப் பார்த்தேன். ‘மைனி, முதப் பானை முந்தி ஒங்க வீட்டுதானாமே, எப்படி எங்க வீட்டுக்கு வந்துச்சு?’ என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கருப்பணன் நாலு ஆட்களோடு வந்து நின்றார். முதல் பானை அவர்கள் பாட்டன் காலத்து உரிமையாம், நம் வீட்டார் ஏமாற்றிப் பறித்துக்கொண்டார்களாம். உன் மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் சங்கதிதான் உனக்குத் தெரியுமே. புரியாத விஷயத்தில்தான் இன்னும் விறைப்பாக நிற்பார். ‘எங்க பானை பொங்காம ஒரு பானையும் பொங்காது’ என்றார். பூசாரி, பொங்கல் வைக்காமல் காப்பை அவிழ்க்க மாட்டேன் என்றார். அன்றிலிருந்து ஊரே அப்படியே நிற்கிறது.

ஒரு வாரத்தில் முடிய வேண்டியது, பங்குனி போய்ச் சித்திரையும் பாதியாகிவிட்டது. காப்பு அவிழாததால் ஊரில் ஒரு வீட்டிலும் கறி வேகவில்லை. நிச்சயம் பண்ணின கல்யாணம் தள்ளிப்போகிறது. பருத்தி ஏவாரத்துக்கு விருதுநகர் போகிறவன் பொழுது சாய்வதற்குள் ஓடி வருகிறான். மதுரையில் கேஸ் இருக்கிறவன் எல்லோரையும் சேர்த்து வைகிறான். உன் மச்சான் கறி இல்லாமல் என்மேல் எரிந்து விழுகிறார், காரணம் தெரியாமலே. எல்லா வசவும் எனக்குச் சேர வேண்டியது. வாங்கிக்கொள்கிறேன். நாலு பேர் தங்கள் வீட்டில் படுத்து எழுந்திருக்கிறார்கள். தங்கச்சாமி கிணறு வெட்டப் போகிறான். வள்ளித்தாய் இப்போது வாசலில் வந்து நிற்பதில்லை. தெருவில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள்.

நீ அவசரப்பட்டாய் தம்பி. பொங்கலுக்கு ஆட்களை அனுப்பினால் நாள் பார்த்துத் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தாய். மேகம் எந்த மாதம் வரும், எவ்வளவு உயரத்தில் வரும் என்று தெரிந்தவனுக்கு, முதல் பானைச் சண்டை எத்தனை மாதம் ஓடும் என்று தெரியாமல் போயிற்று. இந்த ஊரில் பிறந்தவன் செய்கிற தப்பா அது?

என்னைத் துரோகி என்கிறாயே, உனக்கு யாரோடு ஒப்பந்தம்? மேகத்தோடா? நான் வாக்குக் கொடுத்தது மனுசரோடு. நீ மழையைப் பெய்ய வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. மழை வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பட்டாசுக் கம்பெனி முதலாளியா? கரிசலில் பருத்தி போட்டவன் பெண்டாட்டி. ஆனால் அடுத்தவள் புருசன் கையை விறகாக வைத்துத்தான் அது பெய்யும் என்றால், அந்த மழை எனக்கு ஒரு தூத்தலும் வேண்டாம்.

ஆடி மேகம் இந்த வருசம் சும்மா போகட்டும். வருசந்தோறும் சும்மாத்தானே போகிறது. நாலு ஆட்கள் இல்லாமல் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. சேட்டிடம் சொல்லிவிட்டு, அந்த வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. அவருக்கு ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது. என்னோடு சண்டை போடுவதானாலும் இங்கே வந்து போடு.

உன் அக்கா
முத்துப்பேச்சி


சாத்தூர் ரயில்வே ஸ்டேஷன்.
சித்திரை, கடைசி வாரம்.

தம்பி,

புறப்பட்டு வருகிறேன் என்று தந்தி கொடுத்துவிட்டேன். தந்தியில் நாலு வார்த்தைதான் போட முடிந்தது. அதனால் தூத்துக்குடி மெயில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும். நான் மதராஸில் வண்டி மாறத் தெரியாமல் எப்படியும் ஒரு நாளைத் தொலைப்பேன்.

நேற்று வந்த உன் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. பூனாக்காரர் காய்ச்சலில் இறந்துவிட்டார். கடைசிவரை உன் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றார். அவரை மணலில் அடக்கம் பண்ணிவிட்டாய். இனி அவர் பெயரையே உன் ராக்கெட்டுக்கு வைத்து விடப்போகிறாய். ஆட்கள் வராவிட்டால் போகட்டும், மருந்தை நீயே கலக்கப்போகிறாய். ‘உன் காப்பு என்னைக் கட்டாது’ என்று முடித்திருக்கிறாய்.

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் செத்தவர் பெயரையா அதற்கு வைப்பாய்? ஈவு இரக்கம் இல்லையா உனக்கு? அவருக்கு நீ காட்டுகிற மரியாதை இதுதானா? அந்த மனிதர் மறுபடியும் ஒருமுறை தோற்றுப்போனார் தம்பி, உன்னிடம்.

இதைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. நாலு பேரைக் காப்பாற்றிவிட்டேன் என்று இத்தனை நாள் தலை நிமிர்ந்து நடந்தேன். ஐந்தாவது ஆளை நான் எண்ணவே இல்லை. நீ கலக்கிப் பழகியவன் இல்லை. போர்மேனாக வெளியே நின்று கலக்கச் சொன்னவன். இத்தனை வருசம் உனக்கும் மருந்துக்கும் நடுவே தங்கச்சாமி நின்றான். அவனை நடுவிலிருந்து எடுத்தது நான்.

உன் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கிணற்றடியில் பேசியது முதற்கொண்டு. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ‘முதப் பானைய கருப்பணனே வச்சுக்கிடட்டும். ஊர்ல நான் பேசிக்கிடுதேன். நீ வண்டியப் பிடி’ என்றார். ஊர் கூடிப் பொங்கல் வைத்துக் காப்பு அவிழ்க்க அடுத்த செவ்வாய் ஆகும். அதுவரை காத்திருக்க எனக்கு மனதில் தைரியம் இல்லை. இன்று காலை அம்மன் வாசலில் நின்று, கையில் கிடந்த மஞ்சள் கயிற்றை நானே அறுத்தேன். இந்த ஊரில் இதற்கு முன் யாரும் செய்ததில்லை. பூசாரி கண்ணைப் பொத்திக்கொண்டார். வருகிற கோபமெல்லாம் என்மேல் வரட்டும், என் தம்பியை மட்டும் விட்டுவிடு என்று ஆத்தாளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

தங்கச்சாமி ஸ்டேஷன் வரைக்கும் துணிமூட்டையோடு வந்துவிட்டான். ‘அவுகளுக்குக் கலக்கத் தெரியாது தாயீ. நான் போனா அஞ்சு நிமிசத்துல அத்தனையையும் நனைச்சுப் போட்டுருவேன்’ என்றான். அவன் கை அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. வள்ளித்தாயும் பின்னாலேயே வந்து நின்றாள். தடுக்கவில்லை. நான்தான் அவனைத் திட்டித் திருப்பி அனுப்பினேன். அவளுக்குக் கொடுத்த வார்த்தை வார்த்தைதான். உனக்காகக்கூட அதை மீற மாட்டேன்.

தம்பி, இனி நான் கோபமாக ஒன்றும் எழுதவில்லை. கலக்கி வைத்திருந்தால் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தள்ளி வா. குடிக்க வைத்திருக்கிற தண்ணீர் ஒரு பானைதான் என்றாலும் அதையே ஊற்று. கலக்காமல் இருந்தால் அந்தக் கொட்டகைப் பக்கம் போகாதே. நான் வருகிறவரை போகாதே. வந்த பிறகு என்னைத் துரோகி என்று முகத்துக்கு நேரே சொல், நாளெல்லாம் சொல், நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் கேள்.

மதுரைக்கு அப்பால் நான் போனதில்லை. இங்கிலீஷ் தெரியாது, இந்தி தெரியாது. ஜோத்பூர் ஸ்டேஷனுக்கு ஆள் யாரையும் அனுப்பாதே, நீயே வந்து நில். இறங்குகிற இடத்தில் நீ இல்லை என்றால், பாஷை தெரியாத அந்த ஊரில் என் தம்பி எங்கே என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

வண்டி வருகிறது.

முத்துப்பேச்சி